எழுந்தால் எழுந்ததுதான்

எங்கள் வீடு இடிபடப் போகிற செய்தியை முதன்முதலில் அச்சடித்தவள் நான்தான்.

நான் வேலை பார்ப்பது பேனர் அடிக்கிற கடையில். திறப்பு விழா, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன நாய், பதவி உயர்வுக்கு வாழ்த்து, எது வந்தாலும் கம்ப்யூட்டரில் போட்டு, எழுத்துப்பிழை பார்த்து, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கி மிஷினில் ஏற்றிவிடுவேன். அன்று காலை முதலாளி என் மேஜைக்கு வந்தபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம கால்பந்து கிளப் புது ஸ்டேடியம் கட்டப் போகுதாம்மா. ஊர் முழுக்க பேனர், எல்லாம் நம்ம கடைதான். படம் அனுப்பியிருக்காங்க. வானத்த மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிரு."

படத்தைத் திறந்தேன். கவிழ்த்துப் போட்ட வாஷ்பேசின் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டடம். அதைச் சுற்றிப் புல்வெளி, பூச்செடி, சிரித்த முகமாக நடமாடுகிற ஜனங்கள். இந்த மாதிரிப் படங்களில் வாழ்கிற ஜனங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இவர்களுக்கு வியர்க்காது. கையில் பை இருக்காது. யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். ஒரு குழந்தை கட்டாயம் பலூன் வைத்திருக்கும். மருத்துவமனைப் படத்திலும் இவர்கள்தான் வருவார்கள், பேருந்து நிலையப் படத்திலும் இவர்கள்தான் வருவார்கள். கட்டி முடித்த பிறகு மட்டும் ஒருவரையும் பார்க்க முடியாது.

ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஊரில் அந்த உயரத்துக்கு ஒரே ஒரு தொட்டிதான். அதிலிருந்து கண்ணால் கீழே இறங்கினால் எங்கள் சந்து வர வேண்டும். வரவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். என் சமையலறை இருக்கிற இடத்தில் ஒரு நீரூற்று. குட்டை முடி வைத்த ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, சரியாக என் அடுப்பின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வானத்தை நீலமாக்கினேன். சம்பளம் வாங்குகிறேன் அல்லவா?

எங்கள் கிளப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தோற்போம். நன்றாக ஆடினாலும் தோற்போம், மோசமாக ஆடினாலும் தோற்போம். ஒருமுறை எதிரணி வந்த பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டதால் ஜெயித்தோம். அதற்குத் தெருத்தெருவாக ஊர்வலம் போனார்கள். கடைசி இடத்துக்கு வரும் அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவது வழக்கமாம். எங்களுக்குக் கீழே பிரிவே இல்லாததால் தள்ள இடமின்றி விட்டுவைத்திருக்கிறார்கள். மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை உண்டு. மழை வந்தால் அதற்கு அடியில் நிற்பவர்களும் நனைவார்கள், சத்தம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். இப்படிப்பட்ட கிளப்புக்கு என்ன தேவை என்று தலைவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு நல்ல கோல்கீப்பர் தேவை என்று நீங்களும் நானும் நினைப்போம். நமக்கெல்லாம் அதனால்தான் தலைவர் பதவி கிடைக்கவில்லை.

சந்து விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பைத் தொடங்கியவர்கள் அந்தக் காலத்தில் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு மைதானத்தின் மூலையை ஒட்டி இடம் கொடுத்து வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நிலம் கிளப்புடையது, வீடு எங்களுடையது. சந்தில் குடியிருக்கும் உறுப்பினர்களில் ஒரே ஒருவர் பொதுக்குழுவில் எதிர்த்தாலும் அந்த நிலத்தைக் கிளப் தொட முடியாது என்று விதியும் செய்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். என் மாமனாரின் அப்பா அந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். மாமனாருக்கு அவரிடமிருந்து வீடும் வந்தது, உறுப்பினர் அட்டையும் வந்தது, தோற்றாலும் கவலைப்படாத குணமும் வந்தது.

மாமனாரை ஊரில் 'கார்னர்' என்றால்தான் தெரியும். எங்கள் மொட்டை மாடிக்கு நேர் கீழேதான் மைதானத்தின் மூலைக் கொடி. ஆட்டம் நடக்கிற அன்று மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்து எந்தப் பக்கம் வெளியே போனாலும் "கார்னர்!" என்று கத்துவார். நடு மைதானத்தில் வெளியே போனாலும் அதேதான். எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஓடுகிற ஒருவனுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்ததும் இவர்தான்.

"டேய் ஆமை! பந்து உனக்காக நின்னுக்கிட்டிருக்கு பாரு, போய்ப் பேசிட்டாவது வாடா!"

அவனும் சும்மா இருக்க மாட்டான். ஓடிக்கொண்டே மேலே பார்த்து, "நீ வந்து ஆடேன் பெருசு!" என்பான். ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்து தண்ணீர் கேட்பான். இவரும் இல்லாத விளக்கமெல்லாம் அவனுக்குச் சொல்லுவார். அவனும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் அதே மாதிரி ஓடுவான்.

கிளப்புக்கு ஒரு பாட்டும் உண்டு. தொடங்கியவர்களில் ஒருவரின் மச்சான் வேறு வேலை இல்லாமல் இருந்தபோது எழுதியது. 'புல்லின் மேலே புயலாய் வருவோம், பந்தை விடமாட்டோம்' என்று ஆரம்பிக்கும். விடாமல் இருந்ததே கிடையாது, ஆனாலும் பாடுவார்கள். அந்தப் பாட்டு காதில் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஒரு துணைத் தலைவர் முட்டி வலி என்று உட்கார்ந்தே இருந்தார். அடுத்த கூட்டத்தில் முட்டி இருந்தது, பதவி இல்லை. என் மாமனார் ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தபோது வெளியே யாருடைய போனிலோ இந்தப் பாட்டு ஒலித்தது. வாயில் கருவியோடு எழுந்து நின்றுவிட்டார். மருத்துவர் அதற்குப் பிறகு எங்களுக்கு நேரம் கொடுப்பதே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

"மாமா, உங்க கிளப் புது ஸ்டேடியம் கட்டப் போகுது."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நிஜமாவா? டேய், கேட்டியாடா?" என்று மகனைக் கூப்பிட்டார். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து 'பாப்போம், பாப்போம்' என்று சொல்லிச் சொல்லி அது அவர் வாயிலேயே ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "பாப்போம்" என்றார்.

"நம்ம வீட்டு இடத்துல நீரூற்று வைக்கிறாங்க மாமா."

"வைக்கட்டுமே. அழகாத்தான இருக்கும்?"

"வீட்ட இடிச்சுட்டு வைக்கிறாங்க."

கொஞ்சம் யோசித்தார். "முழுசாவா?"

"இல்ல மாமா, உங்க கட்டில மட்டும் விட்டுட்டு சுத்தி வர தண்ணி பீய்ச்சுவாங்க."

என் கணவர் சிரித்தார். முறைத்ததும் நிறுத்தினார். மாமனார் ஜன்னலுக்கு வெளியே மூலைக் கொடியைப் பார்த்துக்கொண்டே, "கிளப்புக்குன்னா குடுத்துத்தானம்மா ஆகணும். ஊருக்கு வெளிய வேற வீடு குடுப்பாங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வாடகை வீடுகளில் வளர்ந்தவள். அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேறொரு வீட்டுக்குப் போவோம். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் வந்துவிடுவார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் முதலில் செய்தது சமையலறைச் சுவரில் ஆணி அடித்து அலமாரி மாட்டியதுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷம் இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்துக் காயப்போட்ட போர்வையில் பந்து வந்து விழட்டும், ஆட்ட நாளில் காது கிழியட்டும், எனக்கு இந்த வீடு வேண்டும். அதைச் சொன்னால் இரண்டு ஆண்களும் நான் ஏதோ மிக்ஸி பழுதானதைச் சொல்வது போலக் கேட்டுக்கொண்டார்கள்.

"நீங்க ஒருத்தர் எதிர்த்தா போதும் மாமா, விதி இருக்கு" என்றேன்.

"நான் கிளப்ப எதிர்க்கிறதா?" என்று கேட்டார். அவருடைய அம்மாவை எதிர்க்கச் சொன்னது போல இருந்தது அந்தக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தலைவரும் செயலாளரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். விதி இருப்பது அவர்களுக்கும் தெரியும். தலைவர் டைல்ஸ் கடைகள் வைத்திருப்பவர். எந்த வீட்டுக்குள் வந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார். எங்கள் தரையைப் பார்த்துப் பரிதாபமாக உச்சுக் கொட்டினார். செயலாளர் தலைவர் முடிக்கிற வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வதற்காகவே பிறந்தவர். இருவரும் சேர்ந்து அட்டையில் செய்த ஸ்டேடியத்தைத் தூக்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். தட்டு வைக்க இடமில்லாமல் போயிற்று.

"ஐயா, உங்கள மாதிரி ஆளுங்கதான் கிளப்போட தூண்" என்றார் தலைவர்.

"தூண்" என்றார் செயலாளர்.

"ஒரு வாசலுக்கு உங்க பேரையே வைக்கப் போறோம். கார்னர் வாசல்."

மாமனாரின் கண் கலங்கிவிட்டது. நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். வீடு போயிற்று என்றே நினைத்தேன். ஒரு வாசலைக் கொடுத்து வீட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள், வாசலில் படுத்துத் தூங்கச் சொல்வார்கள் போலிருக்கிறது.

திரும்பி வந்தபோது மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டை ஸ்டேடியத்தின் மேல் குனிந்திருந்தார். "மூலைக் கொடி இது. சரி. இதுக்கு மேல நான் எங்க நிப்பேன்?"

"இந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ரூம் ஐயா. பெரிய பெரிய கம்பெனிக்காரங்க ஏசில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே மேட்ச் பாப்பாங்க."

"நானு?"

"உங்களுக்கு அந்தப் பக்கம் மேல, மூணாவது அடுக்கு. உக்கார்ற சீட்டு. அங்கருந்து ஊரே தெரியும்."

"எனக்கு ஊரு எதுக்கு? ஆமை தெரிவானா?"

"பெரிய திரை இருக்கு, அதுல தெரிவாரு."

மாமனார் நிமிர்ந்தார். "சரி, அங்கருந்து நான் கத்தினா அவனுக்குக் கேக்குமா?"

தலைவர் சிரித்தார். அங்கேதான் அவர் தப்புச் செய்தார். டைல்ஸ் வாங்க வருகிறவர்களிடம் சொல்வது போலவே எல்லா வசதியையும் அடுக்கிக்கொண்டு போனார். "நீங்க ஏன் ஐயா கத்தி உடம்பக் கெடுத்துக்கணும்? கத்த வேண்டிய நேரத்துல திரையிலயே எழுத்து வரும். எல்லாரும் ஒண்ணா சேர்ந்து கத்தலாம். என்ன கத்தணும்ங்கறதும் அதுலயே வந்துரும்."

"வந்துரும்" என்றார் செயலாளர்.

"அப்ப நான் திட்டறது?"

"திட்டக் கூடாது ஐயா. குடும்பத்தோட வர்ற இடம்."

மாமனார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. வீடு போகிறது என்றபோது வாடாத முகம், மருமகள் அழுதபோது வாடாத முகம், ஆமையைத் திட்ட முடியாது என்றதும் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீயைக் கொடுத்தேன்.

"என் திட்டு அவனுக்குப் போய்ச் சேராதுன்னா நான் எதுக்குத் தலைவரே மேட்ச் பாக்கணும்?" என்றார். "எனக்கு இந்த ஸ்டேடியம் வேணாம். பொதுக்குழுவுல எதிர்ப்பேன்."

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. அட்டை ஸ்டேடியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் இடித்து அதன் கூரை கொஞ்சம் நசுங்கியது. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே பொதுக்குழு. எங்கள் கிளப்பில் கையைத் தூக்கி வாக்களிக்கிற வழக்கம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். கையைத் தூக்கச் சொன்னதுமே பழக்க தோஷத்தில் எல்லோரும் கையைத் தூக்கி "ஆஃப்சைடு!" என்று கத்தி, தேர்தலே நின்றுபோனதாம். அதனால் எழுந்து நிற்கச் சொல்வார்கள். முதலில் ஆதரிப்பவர்கள், அடுத்து எதிர்ப்பவர்கள். சந்தில் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் வீடு போவதில் விருப்பமில்லை. ஆனால் தலைவரின் முகத்துக்கு நேராக எதிர்க்கவும் தைரியமில்லை. "ஒருத்தர் போதுமே, அதான் கார்னர் இருக்காரே" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னார். அப்படியே எல்லோரும் சொன்னார்கள்.

"மாமா, ஆதரிக்கிறவங்க எந்திரிங்கன்னு சொல்றப்ப நீங்க உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் வேலை" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"உக்காரத் தெரியாதாம்மா எனக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

கிளப்பின் கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. மேடைக்குப் பின்னால் நான் அடித்த பேனர். வானம் நன்றாகத்தான் வந்திருந்தது. குடும்பத்தினரும் பத்திரிகைக்காரர்களும் பின் வரிசையில் உட்காரலாம். நானும் என் கணவரும் அங்கே இருந்தோம், வீடியோ எடுக்கிறவர் என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார். தலைவர் வெகு நேரம் பேசினார். கனவு என்றார், சரித்திரம் என்றார், நம் பேரப்பிள்ளைகள் என்றார். கோல்கீப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சந்து வீடுகளை எடுத்துக்கொண்டு ஸ்டேடியம் கட்டும் தீர்மானத்தைப் படித்தார். முன்வரிசையில் மாமனார் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அந்தப் பிடி எனக்குத் தைரியமாக இருந்தது.

"தீர்மானத்த ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்ற தலைவர், செயலாளரைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. 'புல்லின் மேலே புயலாய் வருவோம்.'

அறை முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. ஆதரித்தவர்களும் எழுந்தார்கள், தீர்மானம் என்னவென்றே கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்தார்கள், பக்கத்து வீட்டுத் தையல்காரர் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார். என் மாமனார் எழவில்லை. நாற்காலியைப் பிடித்த கை நடுங்கியது. தோள் நடுங்கியது. 'பந்தை விடமாட்டோம்' என்ற இடத்தில் நாற்காலியை விட்டுவிட்டார். எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினார்.

பாவி மனிதர், என் அலமாரியை, என் ஜன்னலை, தன் அப்பா கட்டிய வீட்டை, சுருதி சுத்தமாகப் பாடித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பார்த்தேன். என் கணவரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். அவர் உறுப்பினர்கூடக் கிடையாது.

பாட்டு முடிந்ததும், "சந்து உறுப்பினர்கள் உட்பட எல்லாரும் எழுந்து நின்னதுனால தீர்மானத்துக்கு முழு ஆதரவு" என்று செயலாளர் அறிவித்தார். முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினார்.

மாமனாருக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. "தலைவரே, நான் பாட்டுக்குத்தான எந்திரிச்சேன்!"

தலைவர் கையைக் கூப்பிக்கொண்டு அவ்வளவு பணிவாகச் சொன்னார்: "நீங்க எதுக்கு எழுந்தீங்கன்னு உங்க மனசுக்குத்தான் ஐயா தெரியும். விதி அதெல்லாம் கேக்காது. எழுந்தா எழுந்ததுதான்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாமனார் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தையல்காரர் மேலே சுற்றுகிற மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எதிர்க்கத் தைரியம் வந்திருந்தால் இப்போதும் அவர் எழலாம், அடுத்து அதைத்தான் கேட்கப் போகிறார்கள். ஆனால் அறை முழுவதும் ஒரே முகமாக நின்று பாடி முடித்த பிறகு தனியாக எழுவதற்கு யாருக்கு மனம் வரும்? தலைவர் அந்தக் கணக்கையும் போட்டுத்தான் வைத்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, தாளை மடித்தபடி, வெறும் சம்பிரதாயமாகக் கேட்டார்.

"எதிர்க்கிறவங்க யாராவது இருந்தா எழுந்து நிக்கலாம்."

நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் வெட்கம் வந்திருக்கும். எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டில் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ஆள் நான். ஆனால் ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு நாளும் சமையலறை ஜன்னலுக்கு நேராக ஒலிபெருக்கி வைத்துப் பாடினால் குக்கருக்குக்கூடப் பாட்டு மனப்பாடமாகிவிடும். பின் வரிசையில் எழுந்து நின்றேன்.

"புல்லின் மேலே புயலாய் வருவோம்..."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோக்காரர் கேமராவை என் முகத்துக்குத் திருப்பினார். ஒரு வரி முழுவதும் நான் தனியாகவே பாடினேன். அந்த ஒரு வரி நேரத்துக்குள் நான் எத்தனை முறை செத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முன்வரிசையில் மாமனார் எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, எதற்காகப் பாடுகிறேன் என்றும் யோசிக்கவில்லை. பாட்டு வந்தது, எழுந்தார். அவருக்குப் பின்னால் தையல்காரர். அதன் பிறகு வரிசை வரிசையாக, விழுந்த நாற்காலிகளை அப்போதுதான் தூக்கி வைத்து உட்கார்ந்தவர்கள் மறுபடியும் எழுந்தார்கள். 'பந்தை விடமாட்டோம்' என்ற இடத்தில் அறையே அதிர்ந்தது. கேமரா மேடைப் பக்கம் திரும்பியது.

தலைவர் உட்கார்ந்திருந்தார். பழைய துணைத் தலைவரின் முட்டி அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கேமராவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேஜையில் கையை ஊன்றினார். உடம்பு முழுவதும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, எழுந்து நின்றார். செயலாளரும் நின்றார். இருவரும் வாயை அசைத்தார்கள். கடைசிச் சரணத்தில் செயலாளர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் நின்றபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தலைவர், செயலாளர், சந்து, ஊர், அத்தனை பேரும் சேர்ந்து அதை எதிர்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது செல்லாது" என்றார் தலைவர். "அந்தம்மா உறுப்பினரே இல்ல. அவங்க பாடினது எப்படிங்க கிளப் பாட்டாகும்?"

மாமனார் இன்னும் உட்காரவில்லை. "அப்ப நீங்க எதுக்குத் தலைவரே எந்திரிச்சீங்க?"

"பாட்டு கேட்டுச்சு, எழுந்தேன். நான் எதிர்க்கிறதுக்கா எழுந்தேன்?"

"அது உங்க மனசுக்குத்தான் தெரியும். விதி கேக்காது. எழுந்தா எழுந்ததுதான்னு நீங்கதான சொன்னீங்க?"

எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சந்தில் ஒருவர் எதிர்த்தாலே போதும் என்பது விதி, இங்கே தலைவரே எதிர்த்திருக்கிறார். ஒரே கூட்டம் ஒரே நாளில் ஒரே தீர்மானத்தை முழுமனதோடு ஆதரித்தும் முழுமனதோடு எதிர்த்தும் இருப்பதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் செயலாளர் பேனாவைக் கடித்தார். கடைசியில், விஷயம் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது என்று தலைவர் அறிவித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

வெளியில் வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சந்துக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தையல்காரர், தான் முதலிலேயே எதிர்க்கத் தயாராக இருந்ததாகவும் சரியான நேரத்துக்குக் காத்திருந்ததாகவும் சொன்னார். என் கணவர் தண்ணீர் வாங்கி வரப் போனார். மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி விட்டுட்டே" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. வீடு தப்பிய சந்தோஷத்தை விட அது பெரிதாக இருந்தது. "மாமா, முதல் தடவ பாட்டு போட்டப்ப நம்ம வீடு போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எந்திரிச்சீங்க?"

"உக்காந்துதான்மா பாத்தேன்." அவர் தன் கால்களைப் பார்த்தார். "நீயும் பாத்திருப்பியே. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்."

பார்த்திருந்தேன். நாற்காலியைப் பிடித்த கையையும், நடுங்கிய தோளையும். தன் வாழ்நாளில் இந்த மனிதர் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல்முறை. அதை எனக்காகத்தான் செய்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அடுத்த கூட்டத்துலயும் அந்தாளு பாட்டு போடுவான் மாமா. அப்ப?"

"எந்திரிச்சிருவேன்மா" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். "என்னால முடியாது. நீ மறுபடி பாடிரு."